பீகார் எப்போது தமிழ்நாட்டைப் பிடிக்கும்? மாநிலங்களின் வருமான இடைவெளி பற்றி ஒரு விவாத இழை

ஈரோட்டு மஞ்சள் | 2025 ஜூன் 14, காலை 8:10

பாடத்தில் படித்தது இது. ஏழைப் பகுதியில் மூலதனம் குறைவு, அதனால் அங்கே போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வருவாய் அதிகம், முதலீடு அங்கே ஓடும், கொஞ்ச காலத்தில் பணக்காரப் பகுதியைப் பிடித்துவிடும். இந்தியாவில் ஒரே நாணயம், ஒரே சட்டம், மாநில எல்லையில் சுங்க வரி கிடையாது. அப்படியும் ஏன் இது நடக்கவில்லை? 2005க்குப் பிறகு பீகார் நன்றாக வளர்கிறது என்கிறார்கள். அப்படியானால் எந்த வருடம் தமிழ்நாட்டைப் பிடிக்கும்? யாராவது கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அரசியல் வேண்டாம்.

புள்ளிராஜா | ஜூன் 14, காலை 9:25

கணக்கு சுலபம். பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வுத்தாள் வெளியிட்டது. 2023-24இல் தேசியத் தலா வருமானம் 100 என்றால் தமிழ்நாடு 171, பீகார் 33. சுமாராக ஐந்து மடங்கு.

பீகாரில் தலைக்கு வருடம் 7 சதவீதம், தமிழ்நாட்டில் 5 சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஐந்து மடங்கின் லாக் (இயல் மடக்கை) 1.609. அதை 0.02 ஆல் வகுத்தால் 80 வருடம்.

கணக்கு வாத்தியார் | ஜூன் 14, காலை 10:02

85 வருடம். 1.07-ஐ 1.05-ஆல் வகுத்து லாக் எடுத்தால் 0.02 வராது, 0.01887தான் வரும். ஒரு வருடம் இரண்டு வருடத்துக்கு இது உறைக்காது. எண்பது வருடம் ஓட்டும்போது ஐந்து வருடம் கூடிவிடுகிறது.

பலர் கவனிக்காத இன்னொன்று: மடங்கு குறைய ஆரம்பித்துவிட்டாலும் ரூபாய் இடைவெளி குறையாது. பீகாரில் 60,000, தமிழ்நாட்டில் 3,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் பீகாருக்கு 4,200 ரூபாய் கூடும், தமிழ்நாட்டுக்கு 15,000 கூடும். வேகம் இப்படியே போனால் ரூபாய் இடைவெளி 67 வருடம் விரிந்துகொண்டே இருக்கும். மடங்கு 1.4க்கு இறங்கிய பிறகுதான் அது சுருங்கத் தொடங்கும் (7-ஐ 5-ஆல் வகுத்தால் வருவதுதான் 1.4). "நெருங்கி வருகிறது" என்று ஒருவர் சொல்ல, "விலகிப் போகிறது" என்று இன்னொருவர் சண்டைக்கு வர, இரண்டு பேரும் சரியாகவே இருக்கலாம்.

ஈரோட்டு மஞ்சள் | ஜூன் 14, காலை 10:15

85 வருடமா! பேரன் பேத்திதான் பார்ப்பார்கள்.

புள்ளிராஜா | ஜூன் 14, காலை 11:40

அதுவும் இரண்டு சதவீத வித்தியாசம் 85 வருடம் விடாமல் நின்றால்தான். எந்த மாநிலத்துக்கும் அப்படி நின்றதில்லை.

அமெரிக்க மாநிலங்களுக்கு 1880 முதலும் ஜப்பானிய மாகாணங்களுக்கு 1930 முதலும் பொருளாதார அறிஞர்கள் பாரோவும் சாலா-இ-மார்ட்டினும் போட்ட கணக்கில் இடைவெளி வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் மூடியது. பாதி மூட 35 வருடம் என்று பொருள். மீதிப் பாதியில் பாதி மூட இன்னொரு 35. இது நன்றாக நடந்த இடங்களின் வேகம். அமெரிக்காவிலேயே 1980க்குப் பிறகு இது மந்தமாகிவிட்டது. பணக்கார நகரங்களில் வீட்டு வாடகை ஏறியதால், குறைந்த சம்பளக்காரர் அங்கே குடிபெயர்ந்து பிழைப்பது கட்டுப்படியாகவில்லை என்பது ஒரு முக்கிய விளக்கம்.

தென்பெண்ணை | ஜூன் 14, இரவு 9:50

ஒரு நிமிஷம். அந்த 33, 171 எதைக் காட்டுகிறது என்று யாரும் கேட்கவில்லையே.

மாநில உற்பத்தி என்பது அந்த மாநில எல்லைக்குள் உற்பத்தியானதன் மதிப்பு. அந்த மக்கள் கைக்கு வந்த பணம் அல்ல. துபாயில் இருக்கும் மலப்புரத்துக்காரர் அனுப்பும் பணம் கேரளக் கணக்கில் வராது. திருப்பூரில் தைக்கும் பீகாரி உருவாக்கும் மதிப்பு முழுக்கத் தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறும். அவர் ஊருக்கு அனுப்பும் பணம் பீகார் கணக்கில் ஏறாது. ஆனால் குடும்பத்தைப் பீகாரில் விட்டு வந்திருப்பதால் வகுக்கும் எண்ணிக்கையில் அந்த மனைவி மக்கள் அங்கேதான் நிற்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு பக்கமும் இடைவெளியைக் கூட்டிக் காட்டுகிறார்.

அதனால் உற்பத்தியை மட்டும் பார்க்காமல் குடும்பச் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கிராமப்புறத்தில் தலைக்கு மாதச் செலவு: கேரளம் 6,611 ரூபாய், தமிழ்நாடு 5,701, அகில இந்தியா 4,122, பீகார் 3,670. உற்பத்தியில் ஐந்து மடங்காக இருப்பது கிராமச் செலவில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

தென்பெண்ணை | ஜூன் 14, இரவு 10:05

எழுதிவிட்டுத் திரும்பப் பார்த்ததில் ஒன்று சேர்க்க வேண்டும். இதே அட்டவணையில் சத்தீஸ்கர் கிராமம் 2,739 ரூபாய். பீகாரைவிடக் கீழே! தலா உற்பத்தியில் சத்தீஸ்கர் பீகாரைவிட எவ்வளவோ மேலே. கோர்பாவில் வெட்டும் நிலக்கரியும் பிலாயில் உருக்கும் எஃகும் சத்தீஸ்கர் உற்பத்தி. அதன் லாபம் பங்குதாரருக்கும் டெல்லிக்கும் போகிறது. பீகாரில் சுரங்கம் இல்லை, மணியார்டர் இருக்கிறது. இப்போது வங்கிக் கணக்கு.

கோடம்பாக்கம் மெயில் | ஜூன் 15, காலை 7:30

இதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்மிடமே இருக்கு. அரியலூர் சிமென்ட் ஆலைகளும் நெய்வேலி சுரங்கமும் அனல்மின் நிலையமும் அந்தந்த மாவட்டக் கணக்கில்தான் ஏறும். சுண்ணாம்புக்கல் குழிக்குப் பக்கத்தில் மாடு மேய்ப்பவருக்கு அதில் என்ன வந்தது?

கணக்கு வாத்தியார் | ஜூன் 15, காலை 8:45

நுகர்வோடு ஒப்பிட்டது நல்லதுதான், ஆனால் இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. பணக்காரர் சேமிப்பார். கணக்கெடுப்புக்காரர் வாசலில் நின்றால் பெரிய வீட்டுக் கதவு திறக்காது. அதனால் நுகர்வு இடைவெளி எப்போதுமே உற்பத்தி இடைவெளியைவிடச் சின்னதாகத்தான் தெரியும். பத்திரிகைகளில் கிராமம், நகரம் இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகப் போடுகிறார்கள். அப்போது நகரவாசி அதிகம் உள்ள மாநிலம் தானாகவே மேலே போய்விடும். தனித்தனியாகப் பாருங்கள்.

விலைவாசியும் இருக்கிறது. மாநிலவாரி விலை வித்தியாசத்துக்கு நம்மிடம் ஒழுங்கான வருடாந்தர அட்டவணை இல்லை. பலரும் கைக்கொள்ளும் குறுக்குவழி, டெண்டுல்கர் குழு முறையிலான 2011-12 வறுமைக்கோடு. ஒரே கூடைப் பொருளுக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் என்ன விலை என்பது அதற்குள் இருக்கிறது. கிராமப்புறத்தில் தலைக்கு மாதம்: கேரளம் 1,018, தமிழ்நாடு 880, பீகார் 778, ஒடிசா 695. தமிழ்நாட்டை பீகாரால் வகுத்தால் 1.13. ஆக ஐந்து மடங்கு என்பது விலை திருத்தினால் 4.4 ஆகும். பழைய கூடை, ஏழைகளின் கூடை என்ற குறைகள் உண்டு. வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் இதில் சரியாக வராது. ஆனாலும் திருத்தாமல் விடுவதைவிட மேல்.

ஈரோட்டு மஞ்சள் | ஜூன் 15, மதியம் 1:20

சரி, நானே போட்டுப் பார்க்கிறேன். எங்கிருந்து எடுப்பது, என்ன செய்வது, படிப்படியாகச் சொல்லுங்கள். எக்செல் மட்டும்தான் தெரியும்.

புள்ளிராஜா | ஜூன் 15, மாலை 6:10

எக்செல் போதும்.

ரிசர்வ் வங்கி வருடாவருடம் மாநிலங்களுக்கான புள்ளிவிவரக் கையேடு வெளியிடுகிறது, எக்செல் கோப்பாகவே கிடைக்கும். தலா நிகர உற்பத்தி அட்டவணை இரண்டு வேண்டும்: நடப்பு விலை ஒன்று, நிலையான விலை ஒன்று. ஒரே வருடத்தில் மாநிலங்களை ஒப்பிட நடப்பு விலை, வளர்ச்சி வேகம் காண நிலையான விலை. மாற்றிப் போட்டால் எல்லாம் குழம்பும். நிலக்கரி விலை ஏறிய வருடத்தில் ஜார்க்கண்டும் ஒடிசாவும் பறப்பதாகத் தோன்றும்.

அடுத்து, தொடர்களை ஒட்டுவது. 2004-05 விலையை அடிப்படையாகக் கொண்ட தொடர் ஒன்று, 2011-12 விலையை அடிப்படையாகக் கொண்ட தொடர் ஒன்று. இரண்டிலும் இருக்கும் பொது வருடத்தை எடுத்து, புதிய எண்ணைப் பழைய எண்ணால் வகுத்து, அந்த விகிதத்தால் பழைய தொடர் முழுவதையும் பெருக்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விகிதம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம் போடுவதுதான் புதிதாகச் செய்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். முடிந்தால் விவசாயம், தொழில், சேவை என்று தனித்தனியாக ஒட்டிப் பிறகு கூட்டுங்கள். 2011-12 தொடரில் கம்பெனிக் கணக்கு எடுக்கும் முறையே மாறியதால் தொழில் துறையில்தான் தாவல் பெரிது.

பிறகு தொடக்க வருடத் தலா வருமானத்தின் லாக் ஒரு நெடுவரிசை, சராசரி வருடாந்தர வளர்ச்சி இன்னொரு நெடுவரிசை. வளர்ச்சி என்பது கடைசி வருட லாக்கிலிருந்து முதல் வருட லாக்கைக் கழித்து வருடத்தால் வகுத்தது. எக்செல்லில் சாய்வு கேளுங்கள். சாய்வு மைனஸில் வந்தால் ஏழை மாநிலங்கள் வேகமாக வளர்ந்திருக்கின்றன. பிளஸ் வந்தால் தலைகீழ்.

சாய்வையே இடைவெளி மூடும் வேகம் என்று எழுதிவிடாதீர்கள். 20 வருடத்துக்குச் சாய்வு −0.0165 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 20-ஆல் பெருக்கு: −0.33. ஒன்றோடு கூட்டு: 0.67. லாக் எடு: −0.40. குறியை மாற்றி 20-ஆல் வகு: 0.02. அதுதான் பீட்டா, அதாவது இடைவெளி மூடும் வேகம். காலம் நீள நீள சாய்வும் பீட்டாவும் விலகும்.

கணக்கு வாத்தியார் | ஜூன் 15, இரவு 8:30

பீட்டாவோடு நிறுத்தினால் பாதிக் கிணறுதான். சிக்மாவும் வேண்டும். ஒவ்வொரு வருடமும் எல்லா மாநிலங்களின் லாக் தலா வருமானத்துக்குத் திட்ட விலக்கம் எடுத்து வரைபடம் போடுங்கள். கோடு இறங்கினால்தான் மாநிலங்கள் நெருங்குகின்றன. சாய்வு மைனஸில் இருந்தும் சிக்மா இறங்காமல் இருக்கலாம். உயரமான அப்பாக்களின் பிள்ளைகள் சராசரியை நோக்கி இறங்குகிறார்கள் என்று புள்ளியியல் அறிஞர் கால்டன் கண்டார். அதனால் ஊரில் எல்லோரும் ஒரே உயரம் ஆகிவிடவில்லை. பொருளாதார அறிஞர் டேனி குவா 1990களில் பீட்டாக்காரர்களைப் பிடித்து உலுக்கியது இந்த இடத்தில்தான்.

தொடக்க வருடக் கணக்கில் பிழை இருந்தாலும் சாய்வு பொய்யாக மைனஸ் காட்டும். ஏதோ காரணத்தால் குறைத்து அளந்த மாநிலம் அடுத்த அளவில் சரியானாலே "வேகமாக வளர்ந்தது" ஆகிவிடும். வறட்சி வருடத்தைத் தொடக்கமாக வைத்தாலும் இதே கதை. ராஜஸ்தானைத் தூக்கிவிடும். மூன்று வருட சராசரியில் தொடங்குங்கள்.

ஈரோட்டு மஞ்சள் | ஜூன் 17, இரவு 11:05

போட்டேன். 33 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள். சிக்கிம் வந்து வரைபடத்தையே கெடுக்கிறது. ஒற்றைப் புள்ளி மேலே போய் நிற்கிறது. தப்பா?

புள்ளிராஜா | ஜூன் 18, காலை 6:50

தப்பில்லை, சிக்கிம் அப்படித்தான். 2011 கணக்கெடுப்பில் ஆறு லட்சம் சொச்சம் பேர். அதே வருடம் உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 20 கோடி. எடை போடாவிட்டால் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. சிக்கிமில் கலால் சலுகைக்காக வந்த மருந்து ஆலைகள், மேலே நீர்மின் நிலையங்கள். 1,200 மெகாவாட் டீஸ்டா-3 மட்டுமே ஆறு லட்சம் பேரின் சராசரியை அசைக்கப் போதும். அந்த அணையை 2023 அக்டோபரில் பனி ஏரி உடைந்து வந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

இரண்டு விதமாகவும் போடுங்கள். எடை போடாதது மாநில அரசுகள் எப்படி நடந்தன என்று கேட்கும் கேள்விக்கு. மக்கள்தொகை எடை போட்டது மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு. பெரும்பாலோர் சிக்கிம், கோவா, டெல்லி, சண்டிகர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பெரிய மாநிலங்களை மட்டும் எடுப்பார்கள்.

கோடம்பாக்கம் மெயில் | ஜூன் 18, காலை 9:15

கேள்விக்குத் திரும்புவோம். ஏன் மூலதனம் ஏழை மாநிலத்துக்கு ஓடவில்லை?

வங்கிக் கடன்-வைப்பு விகிதத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மக்கள் போடும் 100 ரூபாய்க்கு 100க்கு மேல் கடன் போகிறது. பீகாரில் போடும் 100-இல் 50, 60 ரூபாய்தான் பீகாரிலேயே கடனாகிறது. மீதி வெளியே. பாடப் புத்தகம் சொன்னதற்கு நேர் எதிர்த் திசையில் பணம் ஓடுகிறது. ஆலை போடுபவருக்கு ஒரு யந்திரத்தின் வருவாய் மட்டும் கணக்கில்லை. பழுது பார்க்கிறவர், உதிரி பாகக்காரர், துறைமுகம், தடையில்லா மின்சாரம் எல்லாம் பக்கத்தில் இருந்தால்தான் அந்த யந்திரம் ஓடும். கோயம்புத்தூரில் பம்புசெட் போட வார்ப்பகம், மோட்டார் சுற்றுபவர், லேத் பட்டறை எல்லாம் கூப்பிடும் தூரத்தில். அதை ஒற்றை ஆலையாகத் தூக்கிக்கொண்டு போய் பீகாரின் தர்பங்காவில் வைத்தால் என்ன ஆகும்?

தென்பெண்ணை | ஜூன் 18, காலை 10:30

அதோடு சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையை மறக்காதீர்கள். 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம் வரை எஃகை நாடு முழுக்க ஒரே விலைக்குக் கொடுத்தார்கள், ரயில் கட்டணத்தை எல்லோர் தலையிலும் பரப்பினார்கள். ஜாம்ஷெட்பூர் பக்கத்தில் ஆலை போட்டாலும் அதே விலை, சென்னையில் போட்டாலும் அதே விலை. பிறகு எதற்கு பீகாருக்குப் போக வேண்டும்? கனிமம் இருந்தும் அந்த இடத்தின் இயற்கைச் சாதகத்தைக் கொள்கையே துடைத்துவிட்டது. பருத்திக்கு இந்தச் சமன்பாடு கிடையாது என்பதுதான் வங்காளத்தாரும் பீகாரிகளும் இன்றைக்கும் சொல்லும் மனக்குறை.

நடுநிலை நாட்டாமை | ஜூன் 18, மதியம் 12:10

அப்படியானால் கொள்கையை எடுத்த பிறகு வங்காளம் எழுந்திருக்க வேண்டுமே? அதே ஆய்வுத்தாளில் வங்காளம் 1960-61இல் தேசிய சராசரியில் 127.5 சதவீதம், 2023-24இல் 83.7. எடுத்த பிறகும் இறக்கம்தான். ஒடிசாவுக்கும் அதே கொள்கை, அதே கனிமம். 1990-91இல் 54.3 இருந்தது இப்போது 88.5. ஒரே காரணத்தை வைத்து இரண்டையும் விளக்க முடியாது.

தென்பெண்ணை | ஜூன் 18, மதியம் 12:40

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். நாற்பது வருடத்தில் வேறு இடத்தில் வேர் பிடித்த தொழில், கட்டணத்தை மாற்றியதும் பெட்டி கட்டித் திரும்பி வராது. வங்காளத்துக்குத் தொழிற்சங்கம், மூலதன வெளியேற்றம், சணல் சரிவு என்று தனி வரலாறு உண்டு. ஒடிசா ஏறியது பெரும்பாலும் எஃகும் அலுமினியமும் இரும்புத்தாதுவும். அங்கேயும் கிராமச் செலவு 3,357 ரூபாய், பீகாரைவிடக் கீழே. மேலே சொன்ன சத்தீஸ்கர் கதையின் இன்னொரு பதிப்பு.

ஈரோட்டு மஞ்சள் | ஜூன் 18, மாலை 5:00

அந்தத் தாளில் பீகார் 1960-61இல் 70 என்றும் இருக்கிறதே. 70-இலிருந்து 33? பாதிக்கும் கீழே?

கணக்கு வாத்தியார் | ஜூன் 18, மாலை 5:45

1960-61 பீகாரில் ஜாம்ஷெட்பூர், தன்பாத், பொக்காரோ எல்லாம் அடக்கம். 2000 நவம்பரில் ஜார்க்கண்ட் பிரிந்த பிறகு மீந்தது கங்கைச் சமவெளி மட்டும். பழைய எல்லைக்கே ஒப்பிட வேண்டுமென்றால் 2000க்குப் பிந்தைய இரண்டின் உற்பத்தியையும் கூட்டி, இரண்டின் மக்கள்தொகையையும் கூட்டி, பிறகு வகுக்க வேண்டும். தலா எண் இரண்டையும் சராசரி போடக் கூடாது. அப்படிச் சேர்த்தால் 33 கொஞ்சம் ஏறும். 70-ஐ எட்டவே எட்டாது. சரிவு நிஜம், அளவு மட்டும் மிகை. மத்தியப் பிரதேசம்-சத்தீஸ்கர், உத்தரப் பிரதேசம்-உத்தராகண்ட், ஆந்திரம்-தெலங்கானா எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்.

கீழே வகுக்கும் எண்ணையும் கவனியுங்கள். 2001-11 பத்தாண்டில் பீகார் மக்கள்தொகை 25.4 சதவீதம் கூடியது, தமிழ்நாடு 15.6. வருடத்துக்கு மாற்றினால் 2.26, 1.45. மொத்த உற்பத்தி இரண்டிலும் ஒரே வேகத்தில் ஓடினாலும் தலைக்கு வருடம் 0.8 சதவீதம் பீகார் பின்தங்கும். 2011க்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்காததால் இப்போது வகுப்பதெல்லாம் மதிப்பீட்டு எண். 2027 கணக்கெடுப்பு வந்ததும் எல்லா மாநிலத்தின் தலா வருமானமும் கொஞ்சம் நகரும். யாருக்கு மேலே, யாருக்குக் கீழே என்று இப்போதே பந்தயம் கட்டாதீர்கள்.

கோடம்பாக்கம் மெயில் | ஜூன் 18, இரவு 9:20

அரசியல் வேண்டாம்னு சொன்னார், ஆனாலும் கேட்கிறேன். நாம் கட்டுற ஒரு ரூபாய்க்கு 29 பைசா திரும்புது என்று மேடையில் சொல்றாங்களே. நம்ம காசு அங்கே போயும் இடைவெளி குறையலன்னா அந்தக் காசு என்ன ஆச்சு?

நடுநிலை நாட்டாமை | ஜூன் 18, இரவு 10:15

"கட்டுற ஒரு ரூபாய்" என்பதே வழுக்கல். நேரடி வரி எந்த மாநிலத்தில் வசூலானது என்பது கம்பெனி எங்கே கணக்கு வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நாட்டின் நேரடி வரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மகாராஷ்டிரத்தில் வசூலாவது மும்பைத் தலைமையகங்களால். பீகாரில் விற்ற சோப்பின் லாபத்துக்கு வரி மும்பையில் விழும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது பங்கீடு. 15ஆவது நிதிக்குழு, 2021-26: மத்திய வரியில் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பகிர்வுத் தொகையில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம், பீகாருக்கு 10.058. 13ஆவது குழுவில் நமக்கு 4.969 இருந்தது, 14ஆவதில் 4.023க்கு விழுந்தது. குறை சொல்ல இடம் இருக்கிறது. வருமானத் தூரத்துக்கு 45 சதவீத எடை: மேலே இருக்கும் ஹரியானாவிலிருந்து எத்தனை தூரம் கீழே இருக்கிறீர்களோ, அதை 2011 மக்கள்தொகையால் பெருக்கிப் பங்கு. அதற்கு மேல் மக்கள்தொகைக்கே தனியாக 15. குழந்தைப் பேற்றைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5. வரி முயற்சிக்கு 2.5 மட்டும்.

இப்போது தலைக்கு வகுத்துப் பாருங்கள். 2011இல் நாட்டு மக்களில் பீகார் 8.6 சதவீதம், தமிழ்நாடு 6. பீகார் தன் மக்கள் பங்குக்கு 1.17 மடங்கு வாங்குகிறது, நாம் 0.68 மடங்கு. தலைக்கு பீகாருக்கு நம்மைப் போல 1.7 மடங்கு. வருமானத்தில் ஐந்து மடங்கு பின்னால் இருக்கும் இடத்துக்கு இது ஆலை கட்டும் பணம் இல்லை. ஆசிரியர் சம்பளமும் ஓய்வூதியமும் மின் மானியமும் கொடுக்கவே சரி.

கோடம்பாக்கம் மெயில் | ஜூன் 18, இரவு 10:30

அதாவது நமக்கும் வலிக்கும், அவங்களுக்கும் பத்தாது. நல்ல ஏற்பாடு.

தென்பெண்ணை | ஜூன் 19, காலை 7:10

சம்பளம் என்றதும் ஒன்று. அரசு நிர்வாகத்தின் மதிப்பு கூட்டல் பெரும்பாலும் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஊதியக் குழு வந்தால் ஒரு தாலுகா அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் கூடுதலாகக் கொடுக்காமலே மாநில உற்பத்தி நடப்பு விலையில் ஏறும். தொழில் குறைந்த மாநிலங்களில் இந்தத் துறையின் பங்கு பெரிது, அதனால் துள்ளலும் பெரிது. அதேபோல ரயில், வங்கி, தகவல் தொடர்பு, மத்திய அரசு நிர்வாகம் இவற்றை மாநிலம் தானே அளப்பதில்லை. டெல்லியில் மொத்தமாகக் கணக்கிட்டு ஏதாவது குறியீட்டை வைத்துப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

ஈரோட்டு மஞ்சள் | ஜூன் 20, மாலை 4:30

மாநிலத்தை விட்டு மாவட்ட அளவில் போட்டால்? நிறையப் புள்ளி கிடைக்குமே.

கணக்கு வாத்தியார் | ஜூன் 20, இரவு 7:55

புள்ளி கிடைக்கும், தரம் கிடைக்காது. மாவட்ட உற்பத்தி பெரும்பாலும் மாநில எண்ணைத் தொழிலாளர் எண்ணிக்கை போன்ற ஒரு விகிதத்தால் பிரித்தது. ஒரே தலா மதிப்பை எல்லா மாவட்டத்துக்கும் பரப்பினால் மாவட்டங்கள் நெருங்குவதாகத் தெரிவது சூத்திரத்தின் வேலை. அப்படி மழுக்கிய பிறகும் பாட்னா, சிவஹர் மாவட்டத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு காட்டுகிறது. பீகாருக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ளதைவிட அதிகம்!

இரவு வெளிச்சச் செயற்கைக்கோள் படம் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 2013 வரையிலான பழைய தொடரில் வெளிச்ச எண் 63-இல் முட்டி நின்றுவிடும், சென்னை நடுவே எவ்வளவு கூடினாலும் 63தான். ஏழை மாவட்டம் மட்டும் ஏறுவதாகத் தெரியும். அதை 2012 முதல் வரும் புதிய தொடரோடு அப்படியே ஒட்டக் கூடாது. இரண்டாவது, 2017இல் தொடங்கிய வீட்டு மின் இணைப்புத் திட்டம். கிழக்கே வெளிச்சம் தாவியது வருமானம் தாவியதால் அல்ல, கம்பி வந்ததால்.

நடுநிலை நாட்டாமை | ஜூன் 21, காலை 9:00

வெளிநாட்டில் பணத்தைக் கொட்டியே மூடியவர்கள் இருக்கிறார்களா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். கிழக்கு ஜெர்மனி. 1990 ஜூலை 1இல் சம்பளத்தை ஒன்றுக்கு ஒன்று மாற்றினார்கள். கூலி ஒரே நாளில் ஏற, உற்பத்தித் திறன் ஏறாமல் ஆலைகள் சாய்ந்தன. 1990களின் நடுப்பகுதி வரை வேகமாக நெருங்கிய இடைவெளி அப்புறம் ஊர்ந்தது. இத்தாலியில் தெற்குக்கென்று 1950இல் தனி நிதியமே வைத்து 1984 வரை நடத்தினார்கள். தெற்கு இன்றும் வடக்கைப் போல முக்கால் பங்குகூட இல்லை. சாலை, அணை கட்டிய முதல் இருபது வருடம் பலன் தெரிந்தது, பெரிய எஃகு ஆலை, ரசாயன ஆலை என்று இறங்கியபின் கோட்டைவிட்டார்கள்.

நம் ஊர் உதாரணம் இமாச்சலத்தின் பத்தி (Baddi) நகரம், உத்தராகண்டின் ஹரித்வார், பந்த்நகர். 2003இல் பத்து வருடக் கலால் விலக்கு. மாத்திரை ஆலையும் வாகன ஆலையும் மலையடிவாரத்துக்கு ஓடின. தங்கியவை பல, பஞ்சாபிலிருந்து வெறுமனே இடம் மாறியவையும் பல. பஞ்சாபைக் கழிக்காமல் இமாச்சலத்தை மட்டும் எண்ணினால் கொள்கை இரட்டிப்பாய் ஜெயித்ததாகத் தெரியும்.

தென்பெண்ணை | ஜூன் 21, மாலை 6:20

நெருங்காத ஒன்றையே பேசுகிறோம். நெருங்கியதும் உண்டு. 2020 மாதிரிப் பதிவு முறைக் கணக்கில் சிசு இறப்பு ஆயிரத்துக்கு பீகாரில் 27, அகில இந்தியா 28. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ள மாநிலம் சிசு இறப்பில் தேசிய சராசரிக்கே வந்துவிட்டது. தடுப்பூசிக்கும் ஆஷா பணியாளருக்கும் மூலதனச் சந்தை தேவைப்படவில்லை. தமிழ்நாடு 13, கேரளம் 6 என்று தூரம் இன்னும் இருக்கிறது, மத்தியப் பிரதேசம் 43. ஆனால் இந்தக் கோட்டுக்குச் சிக்மா போட்டால் கதை வேறு மாதிரி இருக்கும்.

ஈரோட்டு மஞ்சள் | ஜூன் 23, இரவு 9:40

பெரிய மாநிலங்களுக்கு மட்டும் எடை போட்டும் போடாமலும் சிக்மா வரைந்தேன். தெலங்கானாவை ஆந்திரத்தோடு சேர்த்தாயிற்று. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், உத்தராகண்டைப் பிரித்தே வைக்க ஆசை. எந்த வருடத்திலிருந்து தனி எண் கிடைக்கும்?

புள்ளிராஜா | ஜூன் 23, இரவு 10:02

1993-94. அதற்கு முன் போகவேண்டுமென்றால் சேர்த்தே ஆக வேண்டும். கோப்பில் "பீகார்" என்று இருக்கும் வரிசையில் பழைய பீகாரும் புதிய பீகாரும் ஒரே பெயரில் வரும், அடிக்குறிப்பைப் படிக்காமல் நகல் எடுக்காதீர்கள்.